தபால் பதிவேட்டில் ஏறிய மின்னஞ்சல்

வரிசை எண் 412. ஜூன் 11, புதன். பெறப்பட்ட நேரம்: பிற்பகல் 3.35. அனுப்புநர்: கோட்டைப்பட்டினம் பள்ளி. பொருள்: gu];gu khWjy; tpUg;gk;.

எங்கள் அலுவலகத்தின் வரவுத் தபால் பதிவேட்டில், நீல மையில், முத்து முத்தான கையெழுத்தில் இந்தப் பதிவு இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் கண்காணிப்பாளரின் பச்சை மைச் சுருக்கொப்பமும் உண்டு. நான் சட்டைப் பையில் ஒரு சிறிய நாட்குறிப்பு வைத்திருப்பவன். பேருந்து எத்தனை மணிக்கு வந்தது, மழை எப்போது நின்றது என்பதையெல்லாம் குறித்துவைப்பேன். அதை யாரும் படித்ததில்லை, படிக்கக் கேட்டதுமில்லை. அந்த வாரத்தின் பக்கங்களைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது சில பள்ளிகளை நடத்தும் ஓர் அறக்கட்டளை. தலைமை அலுவலகம் புதுக்கோட்டையில். கணினி வந்த காலத்தில் இங்கே ஒரு தட்டச்சர் இருந்தார். பழைய தட்டச்சுப் பொறியின் விசைகள் எந்த இடத்தில் இருந்தனவோ அதே இடத்தில் தமிழ் எழுத்துகள் வரும் எழுத்துரு ஒன்றை அவர் எல்லாக் கணினிகளிலும் ஏற்றினார். பள்ளிகளுக்கும் அதையே கொடுத்தார். பிறகு ஓய்வு பெற்றுப் போனார். அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. எழுத்துரு மட்டும் பணியில் தொடர்ந்தது.

அந்த எழுத்துரு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் நடந்தது புரியாது. கணினியைப் பொறுத்தவரை அது தமிழே கிடையாது. நாம் தட்டுவது ஆங்கில எழுத்து a, s, d, f. அதன்மேல் ய, ள, ன, க என்று வேஷம் கட்டிவிடும் வேலைதான் எழுத்துருவுக்கு. வேஷம் இருக்கும்வரை ‘வணக்கம்’ என்று தெரியும். கலைத்துவிட்டால் உள்ளே நிற்பது tzf;fk;.

அதைக் கலைத்தது நான்தான். ஜூன் 9, திங்கள், மாலை 5.42. கணினியை அணைக்கப் போனபோது ‘புதுப்பித்துவிட்டு அணை’ என்று ஒரு பொத்தான் இருந்தது. பல மாதங்களாக இருந்த பொத்தான்தான். அன்றைக்கு அதன்மேல் இரக்கம் வந்து அழுத்திவிட்டு, ஐந்தே முக்கால் பேருந்தைப் பிடிக்க ஓடினேன். மறுநாள் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. நாட்குறிப்பில் மட்டும் ‘அழுத்தினேன்’ என்று ஒற்றைச் சொல் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் மின்னஞ்சலைத் திறந்தால் பத்து ஆண்டு அஞ்சல்களும் வேஷம் கலைந்து நின்றன. கண்காணிப்பாளரைக் கூப்பிட்டேன். எங்கள் வாயில் அவர் சூப்பிரண்டு சார். ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருப்பவர். திரையை மேலும் கீழும் பார்த்தார்.

“இது என்ன இங்கிலீசா?”

“இங்கிலீசு எழுத்து சார். இங்கிலீசு இல்லை.”

“அப்ப வைரஸ்.”

“வைரஸ் இல்லைங்க சார், எழுத்துருதான்…”

“ஒங்களுக்கு எப்படித் தெரியும் வைரஸ் இல்லைன்னு? இருக்கிறவரைக்கும் பிரிண்ட் போடாதீங்க. பிரிண்டருக்கும் ஒட்டிக்கும்.”

அதனால் அச்சிடுவது நின்றது. எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு மின்னஞ்சலையும் அச்சிட்டு, ‘பெறப்பட்டது’ முத்திரை குத்தி, தபால் பதிவேட்டில் ஏற்றி, கோப்பில் வைக்க வேண்டும். அப்போதுதான் அது வந்ததாகக் கணக்கு. அச்சு நின்றாலும் பதிவேடு நிற்க முடியாது. தபால் பிரிவை வைத்திருக்கும் அக்கா என் கணினிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத ஆரம்பித்தார். பொருள் என்ற கட்டத்தில், திரையில் தெரிந்ததை அப்படியே. அரைப்புள்ளியைக்கூட விடவில்லை.

“அக்கா, என்ன எழுதுறீங்கன்னு தெரியுமா?”

“எனக்கெதுக்குத் தம்பி தெரியணும்? வந்ததை வந்தபடி எழுதுறேன்.”

“பொருள் விளங்கவில்லைன்னு போட்டா முடிஞ்சு போச்சுல்ல?”

அக்கா பேனாவை மூடினார். “நாலு வருசத்துக்கு முன்னாடி ஒரு கடுதாசியைப் படிச்சுப் பார்த்து, சுருக்கமா ‘விடுப்பு சம்பந்தமாக’ன்னு போட்டேன். அது விடுப்பு இல்லையாம், மகப்பேறு விடுப்பாம். பொருளைச் சொந்தமாகச் சுருக்கி எழுதியது ஏன்னு கேட்டு இந்தா இருக்காரே, இவரு மெமோ கொடுத்தாரு. இன்னும் பீரோவுல வச்சிருக்கேன். அன்னையிலேருந்து எனக்குச் சொந்த மூளை கிடையாது.”

அடுத்த அஞ்சலின் பொருள் $iu gOJ என்று இருந்தது. அக்கா டாலர் குறியை எழுதுவதற்குக் கொஞ்சம் திணறினார். “பாம்பு மேல கம்பியச் சொருகுனாப்புல இருக்கு,” என்று சொல்லிக்கொண்டே மூன்று முறை துண்டுத்தாளில் எழுதிப் பழகி, நான்காவது முறை பதிவேட்டில் ஏற்றினார். ஒப்பமிட வந்த கண்காணிப்பாளர் அதைப் பார்த்து முகம் மாறினார். “டாலர்னா வெளிநாட்டு விசயம். தனியா எடுத்து வைங்க.” அது கோட்டைப்பட்டினம் பள்ளியின் கூரை பழுது என்பது பின்னால் தெரிந்தது. மழைக்காலத்துக்கு முன் ஓடு மாற்றக் கேட்டிருந்தார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. மென்பொருளில் எழுத்துக் குறியாக்கம் என்று ஒரு பட்டியல் இருந்தது. ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். எழுத்துகள் கொஞ்சமும் அசையவில்லை. நடுவில் ஒன்றை அழுத்தியபோது மெனு மட்டும் ரஷ்ய எழுத்துக்குப் போய்விட்டது. திரும்பும் வழி தெரியாமல் அரை மணி நேரம் அங்கேயே இருந்தேன். தேநீரோடு கடந்த கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்தார்.

“இப்ப எந்த நாட்டுல இருக்கோம்?”

“வந்துருவேன் சார்.”

“சாப்பாட்டுக்குள்ள வந்துருங்க.”

இது வெறும் வேடிக்கையாகவே முடிந்திருக்கும், அந்த வாரம் மாறுதல் வாரமாக இல்லாமல் இருந்திருந்தால். எங்கள் அறக்கட்டளையில் ஆண்டுக்கு ஒரு முறை, ஜூனில்தான் மாறுதல். இரண்டு பேர் ஒருவர் இடத்துக்கு மற்றவர் போக ஒத்துக்கொண்டால் மியூச்சுவல் என்போம். இருவரும் தனித்தனியே விருப்பக் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். கடைசி நேரம் புதன் மாலை ஐந்து மணி. வெள்ளிக்கிழமை பணியாளர் குழு கூடும். விட்டால் அடுத்த ஜூன்.

கோட்டைப்பட்டினம் பள்ளி அலுவலகத்தில் ஒரு பெண் எழுத்தராக இருந்தார். வீடு பொன்னமராவதியில். மாவட்டத்தின் ஒரு நுனி கடல், மறு நுனியில் அவர் வீடு. சனிக்கிழமை மதியம் புறப்பட்டு அறந்தாங்கி, புதுக்கோட்டை என்று மாறி மாறிப் போய், ஞாயிறு மாலை அதே வழியில் திரும்புவார். மூன்று வயது மகள் அங்கே மாமியாரிடம். இரண்டு ஆண்டுகளாகப் பொன்னமராவதியில் இடம் மாற ஆளில்லை. இந்த ஆண்டு பொன்னமராவதிப் பள்ளிக்கு வந்து சேர்ந்த எழுத்தர், கோட்டைப்பட்டினத்துக்காரர். அப்பாவுக்கு அங்கே படகு. அவருக்கும் ஊருக்குப் போக ஆசை. இதைவிடப் பொருத்தமான ஜோடி மியூச்சுவலில் அமையாது.

புதன் நான்கு மணிக்கு அந்தப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“அண்ணே, என் மெயில் வந்துருச்சா?”

“ஒங்க பள்ளியிலேருந்து மூணு வந்திருக்கும்மா. எது எதுன்னுதான் தெரியலை. எழுத்து போயிருச்சு.”

“எழுத்து தெரியலைன்னா வரலைன்னு சொல்லிருவாங்களாண்ணே?”

“சேச்சே. வந்தது வந்ததுதான்.”

“போன வாரம் புள்ள போன்ல என்னைய ‘அத்தை’ன்னு கூப்புடுதுண்ணே. பக்கத்துல சிரிக்கிறாக. எனக்குச் சிரிப்பு வரலை. பார்த்துக்கங்கண்ணே.”

பொத்தானை அழுத்திய விரல் அப்போது லேசாகக் குறுகுறுத்தது.

அன்று மாலை ஐந்தரைக்குத்தான் எனக்கு வழி பிடிபட்டது. புதுப்பிப்பு எந்த அஞ்சலையும் கெடுக்கவில்லை. மின்னஞ்சல் மென்பொருளில் பழைய எழுத்துருவைக் காட்டும் அமைப்பைத்தான் அகற்றியிருந்தது. அஞ்சலை நகலெடுத்து ஒரு வெற்று ஆவணத்தில் ஒட்டி, பழைய எழுத்துருவைத் தேர்ந்தால் தமிழ் வந்துவிடும். ஒன்றைச் செய்து பார்த்தேன். ஆவூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் சத்துணவு விவரம் கண்முன் தமிழாக மலர்ந்தது. மீதியைக் காலையில் வந்து செய்யலாம் என்று பேருந்துக்குப் போனேன். இந்தக் கதையில் என் இரண்டாவது தவறு அது.

வியாழன் காலை 9.40-க்கு நான் நுழைந்தபோது, கண்காணிப்பாளர் வரவழைத்த கணினி பழுதுபார்ப்பவர் வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கீழராஜ வீதியில் கடை வைத்திருப்பவர். ஒன்பது மணிக்கே வந்துவிட்டாராம்.

“சார் வைரஸ்னு சொன்னாங்க. சுத்தமாத் தொடைச்சு எல்லாத்தையும் புதுசா ஏத்திட்டேன். இப்பப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கும்.”

கண்ணாடி மாதிரிதான் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

“மெயில் எல்லாம்?”

“பயப்படாதீங்க, பேக்கப் இருக்கு. திங்கக்கிழமை வரைக்கும் இருக்கு.”

எங்கள் மின்னஞ்சல், வந்த அஞ்சலை இந்தக் கணினிக்கு இறக்கிவிட்டு சர்வரில் அழித்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்தது. அதுவும் பழைய தட்டச்சரின் ஏற்பாடு. செவ்வாயும் புதனும் உலகில் எங்கும் இல்லை. நான் தமிழாக்கி வைத்த சத்துணவு விவரமும் போனது.

கண்காணிப்பாளரிடம் போய் நின்றேன். மாறுதல் விருப்பங்களும் போய்விட்டன என்றதும் நிமிர்ந்தார். அனுப்பியவர்களை மறுபடி அனுப்பச் சொல்லலாம் என்றேன்.

“இன்னைக்கு அனுப்புனா இன்னைக்குத் தேதி வரும். நேத்து அஞ்சு மணியோட முடிஞ்சது.”

“அனுப்புனதுக்கு அவுங்க கம்ப்யூட்டர்ல நகல் இருக்கும் சார்.”

“அனுப்புனது அவுங்க கணக்கு. வந்தது நம்ம கணக்கு. வந்ததுக்கு என்ன ஆதாரம்?”

கேட்டுவிட்டு அவரே ஓரக்கண்ணால் அக்காவின் மேசையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அக்கா பதிவேட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு, “வந்ததெல்லாம் இருக்கு. வந்தபடி இருக்கு,” என்றார்.

குடுமியான்மலையில் ஒருமுறை கல்வெட்டுப் படி எடுப்பவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். மொழி தெரிந்த உதவியாளரைவிடத் தெரியாதவரே தனக்கு வசதி என்றார் அவர். தெரிந்தவர் தேய்ந்த எழுத்தை ஊகித்துத் திருத்திவிடுவார், தெரியாதவர் கல்லில் உள்ள கீறலையும் சேர்த்து எடுப்பார். அக்காவின் பதிவேட்டைப் புரட்டியபோது அவர் சொன்னதை நம்பினேன். இரண்டு நாளில் வந்த இருபத்து மூன்று அஞ்சல்களின் பொருளும் அரைப்புள்ளி பிசகாமல் இருந்தன.

பக்கத்து மேசைக் கணினியில் பழைய எழுத்துரு இன்னும் இருந்தது. 412-ஐப் பார்த்துத் தட்டினேன். ‘பரஸ்பர மாறுதல் விருப்பம்’ என்று திரையில் வந்தது. கண்காணிப்பாளரை அழைத்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்தார்.

“நீங்க தட்டுறீங்க, அது தமிழாத் தெரியுது. இதுல என்ன தட்டுனாலும் தமிழாத்தான் தெரியும். நீங்க பதிவேட்டுல உள்ளதைத்தான் தட்டுனீங்கன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?”

“பக்கத்துல வச்சு ஒத்துப் பாருங்க சார்.”

“அதுக்குத் தமிழ் டைப்பிங் பாஸ் பண்ணவங்க வேணும். எனக்கு என்ன தெரியும்? அஜெண்டா நாலு மணிக்குப் போகணும். அதுக்குள்ள சான்று கொடுக்க ஆள் பாருங்க.”

தமிழ்த் தட்டச்சு ஹையர் தேறிய ஒரே ஆள் எனக்குத் தெரிந்தவரை அந்தப் பெண்தான். அவர் அஞ்சலை அவரே படித்துச் சான்று கொடுப்பது ஆகாது. ஆனால் முறையையாவது நிரூபிக்கலாம் என்று தோன்றியது. எது யாருடையது என்று சொல்லாமல் எழுத்தை மட்டும் வாசிக்கிறேன், அங்கிட்டு இருந்து அவர் சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள் என்றேன். கண்காணிப்பாளர் தலையசைத்தார். அவர் மேசைக் கண்ணாடிமேல் கைபேசியை வைத்து ஒலிபெருக்கியைப் போட்டேன். அக்கா பதிவேட்டை விரித்துப் பிடித்துக்கொண்டார். வேறு யாரிடமும் கொடுக்க அவருக்கு மனமில்லை.

முதலில் கூரை. “டாலர், ஐ, யு,” என்றதும் மறுமுனையில் மேசையில் விரல் தட்டும் ஓசை கேட்டது. “கூரை! அண்ணே, அது நான் அடிச்சதுதான். எங்க ஓடு!” அக்கா என்னைப் பார்த்து, “பாம்புக்குக் கூவன்னா அர்த்தமா?” என்று மெதுவாகக் கேட்டார்.

பிறகு 412. “ஜி. யு. மூடுற சதுர பிராக்கெட். செமிகோலன். ஜி. யு.”

“ப, ர, ஸ்… பரஸ்பர!” அந்தப் பெண்ணின் குரல் மாறியது. “அண்ணே, இது…”

“நீங்க பேசாதீங்கம்மா, எழுத்தை மட்டும் சொல்லுங்க. கே. எச். பெரிய டபிள்யூ. ஒய்…”

“ஒய் இல்லைய்யா, ஜே!”

அதட்டியது கைபேசி இல்லை. கண்காணிப்பாளர். அவர் இரு கைகளும் மேசைக் கண்ணாடியின்மேல், மணிக்கட்டு சற்றே தூக்கி, எட்டு விரலும் வளைந்து வரிசையாக நின்றன. “மாறுலல்னு ஒரு வார்த்தை உண்டா? ஜேதான் த. ஒய்யி ல. ரெண்டும் வலது ஆள்காட்டிதான், ஆனா ஒய்யுக்கு விரல் மேல போகணும்,” என்று சொல்லிக்கொண்டே விரலை மேலே கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தினார்.

அக்காதான் முதலில் பேசினார்.

“சார், ஒங்களுக்கு டைப்பிங் தெரியுமா?”

“கொஞ்சம்.”

“லோயரா?”

கண்காணிப்பாளர் சன்னலைப் பார்த்தார். “ஹையர். பஸ்ட் கிளாஸ்.”

“தட்டச்சர் போனதிலேருந்து நாங்க ஒத்தை விரல்ல குத்திக்கிட்டு இருக்கோம். ஏழு வருசம்!”

“தெரியும்னு சொல்லியிருந்தா நான் இன்னைக்கும் அந்த மூலையில உக்காந்து அடிச்சுக்கிட்டுத்தான் இருப்பேன். சூப்பிரண்டு ஆகியிருக்க மாட்டேன்.”

கைபேசியிலிருந்து குரல் வந்தது. “சார், நீங்க எந்த இன்ஸ்டிடியூட் சார்?”

“நீங்க போனை வைங்கம்மா!”

அதன்பின் அவருக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. பதிவேட்டை வாங்கினார். எனக்குத் தெரிந்து அக்கா அதை இன்னொருவர் கையில் முழுதாகக் கொடுத்தது அன்றுதான். கண் எழுத்தின்மேலும் விரல் மேசைக் கண்ணாடியின்மேலுமாக இருபத்து மூன்று பொருளையும் பதினோரு நிமிடத்தில் படித்தார், வாய்க்குள் முணுமுணுத்தபடி. 412, கோட்டைப்பட்டினம். 415, பொன்னமராவதி, பெறப்பட்ட நேரம் மாலை 4.50, அதே பொருள். பக்கத்தின் அடியில் ‘படித்துச் சரிபார்க்கப்பட்டது’ என்று பச்சை மையில் எழுதினார். அஜெண்டா 3.52-க்குப் போனது. அதைத் தட்டச்சு செய்தவர் அவரே. அக்கா கேட்டுக்கொண்டார், அவரால் மறுக்க முடியவில்லை. அன்று தொடங்கியது, இன்றும் நிற்கவில்லை. நாளுக்கு நாலு கடிதமாவது அவர் மேசைக்குப் போகிறது.

வெள்ளிக்கிழமை குழு இரண்டு பெயரையும் ஏற்றது. அடுத்த திங்கள் அந்தப் பெண் பொன்னமராவதியில் சேர்ந்தார். மதியம் கைபேசியிலிருந்து ஓர் அஞ்சல் வந்தது, எந்த வேஷமும் தேவைப்படாத இக்காலத் தமிழில்: ‘சேர்ந்துவிட்டேன் அண்ணே. காலையில் பிள்ளைக்கு நான்தான் தலை பின்னிவிட்டேன். பள்ளிக்கு அரை மணி நேரம் தாமதம்.’ அக்கா அதையும் பதிவேட்டில் ஏற்றினார், வந்தபடி, முழுவதும்.

அதே நாள் பொன்னமராவதியிலிருந்து விடுபட்டு வந்த கோட்டைப்பட்டினத்துக்காரர் தன் ஆணையை வாங்கத் தலைமை அலுவலகம் வந்தார். நல்ல உற்சாகத்தில் இருந்தார். தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்:

“புதன்கிழமை பயந்தே போயிட்டேன் சார். நெட்டு கிடைக்கலை. சரின்னு சாயங்கால அஸர் தொழுதுட்டு வந்து மறுபடி அடிச்சேன், போயிருச்சு. அப்ப அஞ்சு தாண்டியிருக்கும்னு நெனைச்சேன். நீங்க 4.50னு போட்டிருக்கீங்களாம், நல்லதாப் போச்சு. நான்தான் மணியைச் சரியாப் பார்க்கலை போல.”

அவர் போன பிறகு அக்காவிடம் கேட்டேன். “415 எத்தனை மணிக்கு வந்துச்சுக்கா?”

“பதிவேட்டுல என்ன இருக்கு?”

“4.50.”

“அப்ப 4.50தான்.” அடுத்த உறையைக் கிழித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் நாட்குறிப்பில் புதன் மாலை 4.35-லிருந்து 5.30 வரை பதிவு இல்லை. அன்று மறுபடியும் ரஷ்ய மெனுவில் மாட்டி, வெளியேறும் முயற்சியில் இருந்திருக்கிறேன். எங்களுக்கு வந்த அஞ்சல் அழிந்துவிட்டது. அனுப்பிய நகல், நேரத்தோடு, பொன்னமராவதிப் பள்ளிக் கணினியில் இன்னும் இருக்க வேண்டும். இப்போது அந்தக் கணினியின் முன் உட்கார்ந்திருப்பவர் அந்தப் பெண்தான். பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும். நான் எழுதவில்லை. ஆகவே 415-ஆம் எண்ணுக்குரிய அஞ்சல் ஐந்து மணிக்கு முன் வந்ததா, பின் வந்ததா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிசெய்யப்படவில்லை.